டெலிட் பண்ணிட்டா போயிடுமா? டீன் ஏஜ் பிள்ளைகளை விரட்டும் ஒற்றைப் படம்

டென்மார்க் காவல்துறை 2018 ஜனவரியில் வெளியிட்ட அறிவிப்பு ஒன்று அந்த நாட்டுப் பெற்றோரைத் தூக்கிவாரிப்போட்டது. நாடு முழுவதும் 1,004 இளைஞர்கள் மீது வழக்கு. குற்றச்சாட்டு: சிறார் பாலியல் காட்சிகளைப் பரப்பியது. இவர்கள் ஏதோ சர்வதேச கும்பலைச் சேர்ந்தவர்கள் கிடையாது. பெரும்பாலும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள். 15 வயதுடைய இருவர் இருக்கும் வீடியோ ஃபேஸ்புக் மெசஞ்சரில் கைமாறிக்கொண்டே போயிருக்கிறது. சிலர் ஓரிரு முறை ஃபார்வேர்டு செய்தார்கள், சிலர் நூற்றுக்கணக்கான முறை. ஃபேஸ்புக் அமெரிக்க அதிகாரிகளிடம் சொல்ல, அது யூரோபோல் வழியாக டென்மார்க் போலீஸுக்கு வந்து சேர்ந்தது. குற்றம் உறுதியானால் சிறைத் தண்டனை சில நாட்கள்தான். ஆனால் 10 ஆண்டு வரை குற்றப் பதிவேட்டில் பெயர் இருக்கும் என்று போலீஸ் எச்சரித்தது.

அந்த வழக்கில் கவனிக்க வேண்டியது எண்ணிக்கையை அல்ல, யாரைக் கூண்டில் ஏற்றினார்கள் என்பதை. வீடியோவில் இருந்தவர்கள் பாதிக்கப்பட்டவர்கள். ஃபார்வேர்டு செய்தவர்கள் குற்றம் சாட்டப்பட்டவர்கள். நம்மூரில் ஒரு பள்ளி மாணவியின் படம் வாட்ஸ்அப் குரூப்பில் சுற்றினால் முதல் கேள்வி என்னவாக இருக்கும்? "இவ ஏன் அனுப்பினா?" அந்தக் கேள்விக்குப் பயந்துதான் பிள்ளைகள் வாயைத் திறப்பதில்லை.

எத்தனை பேர் அனுப்புகிறார்கள்?

அந்தரங்கமான படம், வீடியோ, செய்தி போன்றவற்றை ஃபோன் வழியாக அனுப்புவதைத்தான் 'செக்ஸ்டிங்' என்கிறார்கள். தமிழில் இதற்கென்று ஒரு சொல் இன்னும் நிலைக்கவில்லை. பெயரே இல்லாத விஷயத்தை வீட்டில் எப்படிப் பேசுவது? 'அந்த மாதிரி போட்டோ' என்று இழுத்துவிட்டு டிவி பக்கம் திரும்பிக்கொள்வதோடு பல வீடுகளில் பேச்சு முடிந்துவிடுகிறது.

ஜாமா பீடியாட்ரிக்ஸ் மருத்துவ இதழ் 2018-ல் ஒரு தொகுப்பாய்வை வெளியிட்டது. 39 ஆய்வுகள், 1.10 லட்சம் சிறார்கள். சராசரியாக 14.8 சதவீதம் பேர் அப்படியொன்றை அனுப்பியிருந்தார்கள், 27.4 சதவீதம் பேருக்கு வந்திருந்தது. ஏழு பேரில் ஒருவர் அனுப்புகிறார், நான்கு பேரில் ஒருவருக்கு வருகிறது. பெரும்பாலும் அமெரிக்க, ஐரோப்பிய ஆய்வுகள் என்பதால் நம்மூருக்கு அப்படியே பொருத்திவிட முடியாது. ஆனால் அதே ஆய்வில் இன்னும் இரண்டு எண்கள் இருக்கின்றன. சம்மதம் இல்லாமல் அடுத்தவர் படத்தை ஃபார்வேர்டு செய்ததாக 12 சதவீதம் பேர் ஒப்புக்கொண்டார்கள். தன் படம் அப்படிப் பரவியது என்று சொன்னவர்கள் 8.4 சதவீதம். இரண்டும் ஒன்றுக்கொன்று நேராகப் பொருந்த வேண்டியதில்லை. என்றாலும், தன் படம் எங்கெங்கோ போய்விட்டது என்பதே தெரியாமல் பள்ளிக்குப் போய்வரும் பிள்ளைகளும் இருக்கக்கூடும் என்ற எண்ணத்தை அந்த இடைவெளி தருகிறது.

மறு ஆண்டு அதே இதழில் வந்த இன்னொரு தொகுப்பாய்வு மனநலப் பக்கத்தைப் பார்த்தது. 23 ஆய்வுகள், 41,723 சிறார்கள். செக்ஸ்டிங்கில் ஈடுபட்டவர்களிடம் பதற்றமும் மனச்சோர்வும் கூடுதலாகத் தென்பட்டன. வயது குறையக் குறைய அந்தத் தொடர்பு வலுத்தது. உடனே 'படம் அனுப்பினால் டிப்ரெஷன் வரும்' என்று தலைப்பு போட்டுவிடக் கூடாது. ஏற்கெனவே தனிமையில் இருக்கிற, வகுப்பில் ஓரங்கட்டப்பட்ட பிள்ளை 'யாராவது என்னை அழகா இருக்கேன்னு சொல்ல மாட்டாங்களா' என்ற ஏக்கத்தில் அனுப்பவும் செய்யும். எது முதலில் வந்தது என்பதை இந்த மாதிரி ஆய்வுகள் சொல்லாது.

எப்படி அனுப்பப்பட்டது என்பதும் முக்கியம். விரும்பி அனுப்புவது ஒன்று. "லவ் பண்றேன்னு சொன்ன, அப்ப நம்பிக்கை இல்லையா?" என்று பத்து நாள் நச்சரித்து வாங்குவது இன்னொன்று. மனசைப் போட்டு அரிப்பது பெரும்பாலும் இரண்டாவது வகை. அதையும் தாண்டியது, வாங்கிய படத்தை நண்பர்களுக்குக் காட்டுவது. இவை எல்லாவற்றையும் 'இந்தக் காலத்துப் பசங்க கெட்டுப்போயிட்டாங்க' என்ற ஒரே மூட்டையில் கட்டினால் யாருக்கும் பிரயோஜனம் இல்லை.

இன்றைக்கு 30 வயதில் இருப்பவர்கள் பள்ளியில் படித்த காலத்தில் அதிகபட்சம் ஒரு லவ் லெட்டர் சிக்கும். கிளாஸ் டீச்சர் கிழித்துப் போட்டால் கதை முடிந்தது. பதின்வயது மூளை அன்றும் இன்றும் ஒன்றுதான்: கிளர்ச்சி, பாராட்டு, உடனடி இன்பம் ஆகியவற்றைத் தேடும் பகுதி சீக்கிரம் வேகம் எடுத்துவிடும், 'இரு, யோசி' என்று பிரேக் போடும் முன்மூளைப் பகுதி முழுமையடைய 25 வயதை நெருங்க வேண்டும். மாறியிருப்பது கையில் இருக்கும் கருவி.

காத்திருப்பதுதான் நரகம்

படம் வெளியான நாளைவிட, வெளியாகுமோ என்று காத்திருக்கும் நாட்கள் நீளமானவை. ஒவ்வொரு நோட்டிஃபிகேஷன் சத்தத்துக்கும் நெஞ்சு படபடக்கும். வகுப்பில் இரண்டு பேர் சேர்ந்து சிரித்தால் 'நம்மளப் பாத்துதானோ' என்று தோன்றும். தூக்கம் போகும். பாடத்தில் கவனம் நிற்காது. 'வயித்து வலி' என்று சொல்லி லீவு போடுவது கூடும். வீட்டில் இருப்பவர்களுக்குத் தெரிவது கடைசி இரண்டும்தான்: மார்க் குறைந்தது, லீவு கூடியது. திட்டு விழும். ஏற்கெனவே 'நான் அசிங்கமானவள்', 'நான் உதவாதவன்' என்று நம்ப ஆரம்பித்திருக்கும் பிள்ளைக்கு அந்தத் திட்டு அதை உறுதிசெய்வதாகவே கேட்கும்.

'நான் செய்தது தப்பு' என்பது குற்ற உணர்வு. அதற்குப் பரிகாரம் உண்டு. மன்னிப்புக் கேட்கலாம், திருத்திக்கொள்ளலாம். 'நானே தப்பு' என்பது அவமான உணர்வு. அதில் மாட்டியவர் மறைந்துகொள்ளத்தான் பார்ப்பார். உதவி கேட்க மாட்டார். நம் குடும்பங்கள் மானத்தை எடைபோடும் விதம் பிள்ளையை நேராக இரண்டாவதில் கொண்டுபோய்த் தள்ளுகிறது. பெண் பிள்ளையாக இருந்தால் ஃபோனைப் பிடுங்குவதில் ஆரம்பித்து, படிப்பை நிறுத்துவது, மாப்பிள்ளை பார்ப்பது வரை போகும். படத்தைப் பரப்பிய பையனுக்கு? "ஏதோ விளையாட்டா பண்ணிட்டான்." இந்தத் தராசைப் பார்த்துத்தான் பெண்கள் எதையும் வீட்டில் சொல்லாமல் முழுங்கிக்கொள்கிறார்கள்.

கனடாவைச் சேர்ந்த அமாண்டா டாட் விஷயத்தில் நடந்ததை இந்தக் காத்திருப்பின் உச்சம் என்று சொல்லலாம். ஏழாம் வகுப்பில் படித்தபோது வெப்கேமில் பேசிய முகம் தெரியாத ஒருவரிடம் அவள் படம் சிக்கியது. பிறகு மிரட்டல். கேட்டதைச் செய்யாதபோது அந்தப் படம் நண்பர்களுக்குப் போனது. பள்ளி மாறினாள்; போலி ஃபேஸ்புக் கணக்கு வழியாக அங்கேயும் வந்தது. மறுபடி மாறினாள், மறுபடி வந்தது. 2012 செப்டம்பரில் வாயால் ஒரு வார்த்தை பேசாமல், அட்டைகளில் எழுதிக் காட்டித் தன் கதையை யூடியூபில் போட்டாள். அடுத்த மாதம் உயிரை மாய்த்துக்கொண்டபோது அவளுக்கு வயது 15. மிரட்டியவர் நெதர்லாந்தில் இருந்த ஒருவர். கனடா நீதிமன்றம் அவருக்கு 13 ஆண்டு சிறைத் தண்டனை விதித்தது 2022-ல். பத்து வருஷம் ஆகிவிட்டது.

பையன்களும் தப்பவில்லை

இது பெண்களின் பிரச்சினை என்று நினைப்பதில் ஓர் ஆபத்து இருக்கிறது. அமெரிக்காவின் எஃப்பிஐ 2022 டிசம்பரில் விடுத்த எச்சரிக்கை, பணம் பறிக்கும் மிரட்டலில் சிக்கிய 3,000-க்கும் மேற்பட்ட சிறார்களைப் பற்றியது. அவர்களில் பெரும்பாலோர் பையன்கள். பத்துக்கும் மேற்பட்டோர் தற்கொலை செய்துகொண்டிருந்தார்கள்.

சூத்திரம் எல்லா இடத்திலும் ஒன்றுதான். அழகான பெண் பெயரில் ஒரு இன்ஸ்டாகிராம் கணக்கு. நட்பு, கொஞ்சல். அந்தப் பக்கத்திலிருந்து முதலில் ஒரு படம் வரும். "இப்ப உன்னோடது." அனுப்பிய சில நிமிடங்களில் பேச்சின் தொனி மாறிவிடும். பையனின் ஃபாலோயர் பட்டியலை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அவனுக்கே அனுப்புவார்கள்: "இத்தனை பேருக்கும் போகும், பணம் போடு." யோசிக்க நேரம் கொடுக்காமல் நெருக்குவதில்தான் அவர்கள் பிழைப்பே ஓடுகிறது. மிச்சிகன் மாநிலத்தில் 17 வயதுப் பையன் ஒருவன் இப்படி மிரட்டப்பட்டு ஒரே இரவில் உயிரை விட்டான். அந்த வழக்கில் நைஜீரியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட இரண்டு சகோதரர்களுக்கு 2024 செப்டம்பரில் தலா பதினேழரை ஆண்டு சிறைத் தண்டனை கிடைத்தது. இந்தியாவில் வீடியோ காலில் வந்து ரெக்கார்டு செய்து மிரட்டும் கும்பல்கள் பெரியவர்களையே கதிகலங்க வைக்கின்றன. உத்தியோகத்தில் இருப்பவரே பயந்து பணத்தைக் கட்டிவிட்டு வாயை மூடிக்கொள்ளும்போது பிளஸ் ஒன் பையன் என்ன செய்வான்?

பணம் கொடுத்தால் விட்டுவிடுவார்களா? கொடுக்கக்கூடியவன் என்று தெரிந்த பிறகு தொகை ஏறும்.

சட்டம் யார் பக்கம்?

இங்கேதான் சிக்கல். போக்சோ சட்டம் 2012-ன் படி 18 வயது நிரம்பாத எல்லோரும் குழந்தைகள். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67பி பிரிவு, குழந்தைகளின் பாலியல் காட்சிகளை உருவாக்குவது, அனுப்புவது, தேடுவது, டவுன்லோடு செய்வது எல்லாவற்றையும் குற்றம் என்கிறது. முதல் முறைக்கே 5 ஆண்டு வரை சிறை, 10 லட்சம் ரூபாய் வரை அபராதம். பிள்ளைகளைச் சுரண்டுபவர்களைப் பிடிக்க இந்தக் கடுமை தேவை. ஆனால் 17 வயதுப் பெண் தன்னையே படம் எடுத்து 17 வயதுக் காதலனுக்கு அனுப்பினால்? அதற்கென்று தனி விதிவிலக்கு எதுவும் 67பி-யில் எழுதப்படவில்லை. எழுத்துப்படி பார்த்தால் அவளே பாதிக்கப்பட்டவள், அவளே குற்றவாளி. 18 வயதுக்குக் கீழே இருப்பதால் வழக்கு இளைஞர் நீதிக் குழுமத்துக்குப் போகும், ஜெயிலுக்கு அல்ல. அந்த அளவுக்கு ஆறுதல். கனடா உச்ச நீதிமன்றம் 2001-லேயே இதை யோசித்தது. தன்னைத்தானே எடுத்துத் தன்னிடம் மட்டும் வைத்துக்கொள்ளும் படங்கள் போன்ற சிலவற்றுக்கு விலக்கு அளித்தது. நம் சட்டத்திலும் சம வயதுப் பிள்ளைகளையும் வேட்டைக்காரர்களையும் பிரித்துப் பார்க்கும் ஒரு வரி வந்தே ஆக வேண்டும். வழக்கு பாயும் என்ற பயம், மிரட்டப்படும் பிள்ளை போலீஸ் ஸ்டேஷன் வாசலை மிதிக்காமல் இருக்க ஒரு காரணமாகிவிடக் கூடாது.

தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கை இங்கே குறிப்பிட வேண்டும். சென்னை அம்பத்தூரைச் சேர்ந்த ஒருவரின் ஃபோனில் சிறார் பாலியல் வீடியோக்கள் இருந்த வழக்கை, வெறுமனே டவுன்லோடு செய்து பார்ப்பது குற்றமாகாது என்று சொல்லி சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜனவரியில் ரத்து செய்தது. உச்ச நீதிமன்றம் அதே ஆண்டு செப்டம்பர் 23-ல் அந்தத் தீர்ப்பை மாற்றியது. அழிக்காமல், புகாரும் தராமல் வைத்திருப்பதே குற்றமாகலாம் என்றது. 'குழந்தை ஆபாசப் படம்' என்ற சொல்லையே நீதிமன்றங்கள் பயன்படுத்த வேண்டாம், அது குழந்தை மீதான சுரண்டலும் வன்கொடுமையும் பதிவான காட்சி என்று சொல்லியது. பாலியல் கல்வி பற்றிய தவறான எண்ணங்களைக் களைய வேண்டும் என்றும் அதே தீர்ப்பு பேசியது. அந்தப் பகுதி டிவி விவாதங்களில் பெரிதாக இடம்பெறவில்லை.

அண்ணனிடம் சொன்னால்...

இப்படிப்பட்ட விஷயத்தைப் பல பிள்ளைகள் முதலில் அப்பா அம்மாவிடம் கொண்டுபோவதில்லை. வேலைக்குப் போகும் அக்கா, பெங்களூருவில் இருக்கும் அண்ணன், சின்ன மாமா, சித்தி பொண்ணு என்று வயதில் கொஞ்சம் பக்கத்தில் இருப்பவர்களைத்தான் தேடுவார்கள். அதுவும் "என் ஃப்ரெண்டுக்கு ஒரு பிராப்ளம்" என்றுதான் ஆரம்பிக்கும். அந்த 'ஃப்ரெண்டு' யார் என்று தோண்டாமல் கேட்டுக்கொண்டாலே பாதி வேலை முடிந்தது. "ஏன் அனுப்பின?" என்ற கேள்வியை வாய்க்குள்ளேயே வைத்துக்கொள்வது நல்லது. "என்கிட்ட சொன்னது நல்லதாப் போச்சு, இனிமே நீ தனியா இல்ல" என்பது போதும். பயம் தணிந்த பிறகு மற்றதைப் பேசலாம்.

அடுத்து எல்லோரும் செய்யும் தவறு ஒன்று உண்டு. 'ஆதாரத்துக்கு இருக்கட்டும்' என்று அந்தப் படத்தைத் தன் ஃபோனுக்கு அனுப்பச் சொல்வது. வேண்டவே வேண்டாம். உதவ வந்தவர் ஃபோனிலும் அது ஏறும், சட்டச் சிக்கலும் சேர்ந்து வரும். பள்ளி ஆசிரியர்கள் ஸ்டாஃப் ரூமில் ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்வதும் இதே ரகம்தான். ஆதாரமாகத் தேவைப்படுவது மிரட்டியவரின் யூசர் நேம், புரொஃபைல் லிங்க், ஃபோன் நம்பர், பணம் கேட்ட யுபிஐ ஐடி, மிரட்டல் மெசேஜ்களின் ஸ்க்ரீன்ஷாட். இவற்றைச் சேமித்த பிறகே பிளாக் செய்ய வேண்டும். பதற்றத்தில் மொத்தச் சாட்டையும் டெலிட் செய்துவிட்டால் பிடிப்பதற்கு நூல் கிடைக்காது.

படத்தைப் பரவவிடாமல் தடுக்க 'டேக் இட் டவுன்' என்ற இலவசச் சேவை இருக்கிறது. காணாமல்போன, சுரண்டப்படும் குழந்தைகளுக்கான அமெரிக்க மையம் நடத்துவது. எந்த நாட்டிலிருந்தும் பயன்படுத்தலாம். 18 வயதுக்கு முன் எடுக்கப்பட்ட படங்களுக்கானது. படத்தை யாரிடமும் கொடுக்க வேண்டியதில்லை. ஃபோனிலேயே படத்திலிருந்து கைரேகை போல ஓர் எண்கோவை உருவாகும், அதை 'ஹேஷ்' என்பார்கள். அது மட்டும்தான் போகும். ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், டிக்டாக் போன்ற, இதில் சேர்ந்திருக்கும் நிறுவனங்கள் அந்த எண்ணோடு பொருந்தும் படத்தைக் கண்டால் நீக்கலாம். வாட்ஸ்அப் போன்ற, பூட்டிய செயலிகளுக்குள் இது எட்டிப்பார்க்க முடியாது என்ற குறை உண்டு. பெரியவர்களின் படங்களுக்கு இதே முறையில் இயங்குவது 'ஸ்டாப் என்சிஐஐ'. இந்தியாவின் ஐடி விதிகள் 2021-ல் வந்தபோதே, இந்த வகைப் படத்தைப் பாதிக்கப்பட்டவர் புகார் செய்தால் 24 மணி நேரத்துக்குள் நீக்க வேண்டும் என்று நிறுவனங்களுக்குச் சொல்லிவிட்டன.

புகாருக்கு மத்திய அரசின் சைபர் கிரைம் இணையதளம் இருக்கிறது. குழந்தைகள் தொடர்பான குற்றத்தைப் பெயர் சொல்லாமலும் அதில் பதியலாம். பணம் போயிருந்தால் உடனே 1930. குழந்தைகளுக்கான உதவி எண் 1098. இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும்: போக்சோ குற்றம் நடந்தது தெரிந்தும் பெரியவர் மறைத்தால், அதுவே தண்டனைக்குரியது. அதனால் "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று சத்தியம் செய்யாமல், "உன்னைக் கேட்காம, உனக்குத் தெரியாம எதுவும் பண்ண மாட்டேன்" என்று சொல்வதுதான் நேர்மை. பிள்ளையின் அடையாளம் வெளியே வரக் கூடாது என்பதையும் அதே சட்டம்தான் சொல்கிறது. பொள்ளாச்சி வழக்கில் 2019-ல் புகார் கொடுத்த பெண்ணின் பெயரைக் காவல்துறையே வெளியில் சொன்னது பலருக்கு நினைவிருக்கும். ஒன்பது பேருக்கும் சாகும்வரை சிறை என்று 2025 மே மாதம் தீர்ப்பு வந்தது. நடுவில் ஆறு ஆண்டுகள்.

அனுப்பாதவர்களுக்கும்...

'அனுப்பாம இருந்தா பிரச்சினையே இல்லையே' என்ற வாதம் இப்போது பலம் இழந்துவிட்டது. ஸ்பெயினின் அல்மெந்திராலெஹோ என்ற சிறு ஊரில் 2023 செப்டம்பரில் 20-க்கும் மேற்பட்ட சிறுமிகளின் நிர்வாணப் படங்கள் பரவின. யாரும் எதையும் அனுப்பவில்லை. இன்ஸ்டாகிராமில் உடையோடு இருந்த சாதாரணப் படங்களை ஏஐ செயலியில் போட்டு உள்ளூர்ப் பையன்களே உருவாக்கியவை அவை. அந்தச் சிறுமிகளில் ஒருத்தியின் அம்மா மிரியம் அல் அதிப், பெண்கள் நல மருத்துவர். மகளை வீட்டில் பூட்டி வைக்கவில்லை. தன் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் வெளிப்படையாகப் பேசினார். தயங்கிக்கொண்டிருந்த மற்ற அம்மாக்களும் ஒன்றுசேர்ந்தார்கள். போலீஸ் புகார்கள் குவிந்தன. 2024-ல் நீதிமன்றம் 15 சிறுவர்களுக்கு ஓராண்டு கண்காணிப்புத் தண்டனை விதித்தது. ஆண்-பெண் சமத்துவம் பற்றியும், தொழில்நுட்பத்தைப் பொறுப்பாகப் பயன்படுத்துவது பற்றியும் அவர்கள் வகுப்புக்குப் போக வேண்டும் என்றும் உத்தரவிட்டது.

மன உளைச்சலோ தற்கொலை எண்ணமோ இருந்தால் தமிழ்நாடு சுகாதாரத் துறையின் 104, மத்திய அரசின் டெலி மானஸ் 14416, சென்னையில் உள்ள சினேகா தற்கொலைத் தடுப்பு மையத்தின் 044-24640050 ஆகிய எண்களில் பேசலாம்.